எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடு



தோட்டத்து லயம் என்றால் வாசலில் ஓர் எலுமிச்சை மரம் நிற்க வேண்டும். லயங்கள் இடிபட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவர்கள் கூட பழைய எண்ணெய்த் தகரத்திலோ பூந்தொட்டியிலோ ஒரு கன்றை வைத்துத் தண்ணீர் ஊற்றி வருகிறார்கள். ஆடி மாதத்தில் அம்மனுக்கு மாலை, புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு நான்கு, மீன் கழுவ, ஊறுகாய் போட, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் சாறு பிழிய என்று நம் வீட்டில் இந்த மரத்துக்கு ஓய்வே கிடையாது. தைப்பூசம் நெருங்கும்போது பத்துமலைக்கு நேர்த்திக்கடன் வைத்தவர்கள் சந்தையில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள்.

இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் அந்த மரத்தடிக்குப் போய் வாருங்கள். முற்றிய இலையை விட்டுவிட்டுக் கொழுந்தைப் பாருங்கள். மழை பெய்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. இலையின் மேல் யாரோ வெள்ளி மையால் கிறுக்கியதைப் போல வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். அதன் நடுவே மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு. இலை ஒரு பக்கமாகச் சுருண்டு, ஓரம் மடிந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி அப்படிப்பட்ட இலை ஒன்றை அறிவியல் புத்தகத்துக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டு வந்தாள்.

"டீச்சர், எங்க மரத்துக்குக் கண்ணு பட்டுடுச்சாம். அப்பாயி சொன்னாங்க. நேத்து மொளகா சுத்திப் போட்டாங்க."

"சுத்திப் போட்டும் போகலையா?"

"போகல டீச்சர். அதனால அப்பா மருந்து கொண்டாந்திருக்காரு. ஞாயித்துக்கிழம அடிக்கப் போறாரு."

"மருந்த எங்க வெச்சிருக்காரு?"

"குசினியில, அடுப்புக்குப் பக்கத்துல. தண்ணிப் போத்தல்ல ஊத்தி வெச்சிருக்காரு. பால் மாதிரி வெள்ளையா இருக்கும். தம்பி கூட பாலான்னு கேட்டான்."

மிளகாய் சுற்றியதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அப்பாயி தம் திருப்திக்குச் செய்தார். அதனால் மரத்துக்கும் நட்டமில்லை, மனிதருக்கும் நட்டமில்லை. ஆனால் அந்தப் போத்தல் விஷயத்தைக் கேட்டபின் எனக்குப் பாடம் ஓடவில்லை. அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன் அந்த வெள்ளிக் கோட்டை வரைந்தது யார் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

வரைந்தது ஓர் அந்துப்பூச்சியின் புழு. இலைத்துளைப்பான் என்று வேளாண்மைப் புத்தகங்கள் எழுதும். அது இலையைத் துளைத்து ஓட்டை போடுவதில்லை. இலையின் தோலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிக்கொண்டு போகிறது. ஆகவே சுரங்கப்புழு என்றால்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அறிவியல் பெயர் பிலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 1856-ஆம் ஆண்டில் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர், கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். ஆசியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாசு வளரும் இடமெல்லாம் இதன் சொந்த ஊர்தான்.

தாய்ப்பூச்சியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தாலும் தூசி என்று ஊதித் தள்ளியிருப்பீர்கள். இறக்கையை மூடி உட்கார்ந்தால் ஒரு கடுகின் நீளம். விரித்தால் ஒரு கொத்துமல்லி விதையின் அகலம், அதாவது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள், அசந்து போவீர்கள்! வெள்ளிச் சரிகைப் புடவை போல மின்னும் முன்னிறக்கை, அதில் பழுப்புக் கோடுகள், இரண்டு இறக்கையின் நுனியிலும் திருஷ்டிப் பொட்டு வைத்தாற்போல ஒவ்வொரு கறுப்புப் புள்ளி. பின்னிறக்கையின் ஓரமெல்லாம் நீண்ட மயிர்க்குஞ்சம். பகலெல்லாம் இலைக்கு அடியில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தியிலும் இரவிலும் விடியலிலுமே அதற்கு வேலை.

பெண்பூச்சி முட்டையிடத் தேடுவது கொழுந்தை மட்டுமே. விரல் நகம் அளவுக்கு விரிந்த இளம் இலையாகப் பார்த்து, பெரும்பாலும் அடிப்பக்கத்தில், நடு நரம்புக்கு அருகில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். பொடி உப்பின் ஒரு மணி அளவுதான் முட்டை. பனித்துளி ஒட்டியிருப்பது போலத் தெரியும். ஒரு தாய் தன் வாழ்நாளில் ஐம்பது முட்டை வரை இடும். முற்றிய இலையை ஏன் தொடுவதில்லை? தோல் தடித்துவிட்ட பிறகு பிறக்கப்போகும் புழுவால் அதற்குள் புக முடியாது. பிள்ளையின் பல் எதைக் கடிக்கும் என்று தாய்க்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டு வெப்பத்தில் சில நாள்களில் முட்டை பொரியும். புழு வெளியே வந்து இலைமேல் ஊர்ந்து போவதில்லை. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கிவிடுகிறது. அன்றிலிருந்து, வளர்ந்து பூச்சியாகும் வரை, அது வெளிக்காற்றைக் காண்பதே இல்லை. ஓர் இலைக்குள் பிறந்த புழு வேறோர் இலைக்குப் போகாது. அந்த இலை உதிர்ந்தாலோ காய்ந்தாலோ அதன் கதையும் முடிந்தது.

உள்ளே என்ன செய்கிறது? இங்கேதான் எனக்கு வியப்பு. எலுமிச்சையில் இன்னொரு புழுவை நீங்கள் அறிவீர்கள். சின்ன வயதில் பறவை எச்சம் போலவும் வளர்ந்தபின் பச்சையாகவும் இருந்து, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டுமே, அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. அது இலையைக் கண்ணெதிரே மென்று தின்கிறது. நம் சுரங்கப்புழு மெல்லுவதே இல்லை. தட்டையான தலையும் கத்தி போன்ற தாடையும் கொண்டு இலைத்தோலின் அணுக்களை வரிசையாகக் கீறிக்கொண்டே போய், கசியும் சாற்றைக் குடிக்கிறது. அது போன வழியில் மேல்தோல் மட்டும் மெல்லிய தாள் போலத் தூக்கி நிற்கும். அதற்கடியில் காற்று புகுந்துவிடுவதால் வெளிச்சம் பட்டு வெள்ளி போல மின்னுகிறது. நடுவில் ஓடும் கறுப்பு இழை வேறொன்றுமில்லை, அந்தப் புழுவின் கழிவு. இந்த விளக்கத்தைச் சொன்னபோது வகுப்பே "ச்சீ" என்றது.

புழு தன் வாழ்நாளில் மூன்று முறை தோல் உரிக்கும். முதல் மூன்று பருவத்திலும் குடிப்பதே வேலை. வளர வளரக் கோடு அகலமாகிக்கொண்டே போவதைக் கவனித்தால், புழு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போனது என்று நீங்களே சொல்லிவிடலாம். மெல்லிய முனை பிறந்த இடம். தடித்த முனை கடைசியாகப் போன இடம். அங்கே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், 3 மில்லிமீட்டர் நீளத்தில், சீரகத்தில் பாதி போல ஆள் தெரியும். நான்காம் பருவத்தில் வாய் ஓய்ந்துவிடுகிறது, சாப்பாடு கிடையாது. இலையின் ஓரத்துக்கு வந்து, பட்டு நூலை நூற்று, இலையின் விளிம்பைத் தன்மேல் இழுத்து மடித்துக்கொள்கிறது. அந்த மடிப்புக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். இலை ஓரம் சுருட்டி ஒட்டினாற்போல இருப்பது இதனால்தான். ஏறத்தாழ ஒரு வாரம் சென்றதும், தலையிலுள்ள சிறு முள்ளால் கூட்டைக் கிழித்துக்கொண்டு பூச்சி வெளியே வருகிறது.

முட்டையிலிருந்து பூச்சி வரை எல்லாம் சேர்த்து, நம் கிள்ளான் பள்ளத்தாக்கு வெப்பத்தில் இரண்டு வாரம், சற்றுக் கூடக் குறைய. குளிர்நாடுகளில் இதுவே ஐம்பது நாள் வரை இழுக்கும். நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் ஆண்டு முழுவதும் தலைமுறைக்குப் பின் தலைமுறையாக வந்துகொண்டே இருக்கும். ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர் நவம்பரிலும் மழை கொட்டி, மரம் ஒரே சமயத்தில் துளிர் தள்ளும்போது பூச்சிக்கும் அறுவடைக் காலம்.

ஒரு வார்த்தை இடையில். பயற்றங்காய் இலையிலும் தக்காளி இலையிலும் இதே போன்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இதுவும் அதுதானா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் ஒரு சிற்றீயின் புழு. தொழில் ஒன்றுதான், குடும்பம் வேறு.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். சிறுமியின் தந்தை தோட்டத்தில் மருந்து தெளிப்பவர். ஸ்டோரிலிருந்து கலந்து கொடுத்த மருந்தில் மிச்சமானதைக் கொஞ்சம் போத்தலில் ஊற்றி வந்திருக்கிறார். எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நல்லெண்ணெய்ப் போத்தலுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அது நின்றது. மூடி இறுக்கமாகக் கூட இல்லை. ஐந்து வயதுப் பையன் அதற்குக் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, இது என்ன மருந்து?"

"பூச்சி மருந்துதான் டீச்சர். பேரு தெரியல. பனையில அடிக்கிறது."

செம்பனைக்கு அடிக்கும் மருந்தை, பெயர் தெரியாமல், அளவு தெரியாமல், தாம் பிழிந்து குடிக்கப் போகும் எலுமிச்சைக்கு அடிக்க இருந்தார். அதட்டினால் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானும் தோட்டத்தில் பிறந்தவள். ஆகவே மகள் கொண்டு வந்த இலையையே அவரிடம் கொடுத்து, "அண்ணே, இதுல புழு எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்க" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இருந்தது, புழு இல்லை. ஓரத்து மடிப்பைப் பிரித்தோம். காலிக் கூடு கிடந்தது. பூச்சி போய்ப் பல நாள் ஆகிவிட்டது.

வாசகர்களே, இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கோடு நம் கண்ணில் படும்போது பெரும்பாலும் காரியம் முடிந்திருக்கும். புழு உள்ளே இருந்தாலும் அதன் தலைக்கு மேல் இலையின் தோலே கூரையாக இருக்கிறது. இலைமேல் தெளிக்கும் சாதாரண மருந்து அந்தக் கூரையைத் தாண்டிப் போவதில்லை. தாண்டிப் போகக்கூடியது, அதாவது மரத்தின் சாற்றிலேயே கலந்து ஓடும் வகை மருந்து, புழுவை மட்டும் பார்த்து நிற்குமா? காய்க்கும் போகும். கோடு விழுந்த இலையின் மேல் எதை ஊற்றினாலும் அந்தக் கோடு அழியப் போவதும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பள்ளித் தோட்டத்து எலுமிச்சைக்கு நானே கடையில் வாங்கிய மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடித்தேன். அடுத்தடுத்த துளிரில் கோடுகள் குறையவில்லை, கூடின. அப்போது எனக்குக் காரணம் விளங்கவில்லை. நான் கொன்றது புழுவை அல்ல, புழுவின் எதிரிகளை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த எதிரிகளில் முதன்மையானவை ஒட்டுண்ணிக் குளவிகள். குளவி என்றதும் கொட்டுவதை நினைக்காதீர்கள். இவை ஒரு மில்லிமீட்டர் அளவே. மனிதரைக் கொட்டத் தெரியாது. சுரங்கத்துக்குள் ஒளிந்திருக்கும் புழுவை எப்படியோ கண்டுபிடித்து, அதன் மேலோ உள்ளேயோ முட்டையிடும். குளவிக் குஞ்சு புழுவையே உணவாக்கி வளர்ந்து வெளியே வரும். ஒருவகைக் குளவி இடும் ஒரே முட்டை உள்ளேயே பிளந்து பிளந்து பல குளவிகளாகிவிடுகிறது!

இந்தக் குளவிகளின் அருமை, அவை இல்லாத ஊரில்தான் தெரிந்தது. 1993 மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஹோம்ஸ்டெட் என்ற இடத்தில், நம் ஊர்ச் சுரங்கப்புழு முதன்முதலாகத் தலைகாட்டியது. எப்படியோ செடியோடு செடியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆசியாவில் அதற்கு இருந்த எதிரிகள் அங்கே இல்லை. வெகு விரைவில் மாநிலம் முழுவதும் பரவியது. அதே ஆண்டில் ஸ்பெயினிலும் காணப்பட்டது. அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? நான் சொன்னேனே, ஒரு முட்டையைப் பலவாக்கும் குளவி, தாய்லாந்தைச் சேர்ந்த அதனை ஆஸ்திரேலியா வழியாக வரவழைத்து 1994-இல் தோப்புகளில் விட்டார்கள். அது அங்கே நிலைத்து, தன் வேலையைப் பார்த்தது. அமெரிக்கர் கப்பலிலும் விமானத்திலும் வரவழைத்த காவல்காரர்கள் நம் வாசலில் சம்பளம் இல்லாமல் நிற்கிறார்கள். நாம் அவர்கள் மேல் மருந்து அடிக்கிறோம்.

காவல்காரர் இன்னொருவரும் உண்டு; அவரை நமக்குப் பிடிப்பதில்லை. கெரெங்கா. இலைகளைச் சேர்த்துப் பட்டால் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பு. காய் பறிக்கப் போனால் கழுத்துக்குள் இறங்கிவிடும், வாஸ்தவம். ஆனால் கெரெங்கா குடியிருக்கும் மரத்தில் புழு பூச்சிக்கு வாழ்வு கடினம். தென்சீனாவில் ஆரஞ்சு மரங்களைக் காக்க இந்த எறும்புக் கூடுகளைச் சந்தையில் விற்றார்கள் என்று கி.பி. 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீன நூல் கூறுகிறது. மருந்துக்கடை தோன்றுவதற்குப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எறும்புக்கடை!

அப்படியானால் இந்தப் புழுவால் கெடுதலே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நான்கைந்து வயதுக்கு மேற்பட்ட மரத்துக்குப் பெரும்பாலும் இது ஒரு தலைவலி கூட இல்லை. மரத்தின் மற்ற இலைகள் உழைக்கின்றன. கோடு விழுந்த இலையும் மீதிப் பச்சையைக் கொண்டு உழைக்கிறது. ஆகவே அதைப் பிடுங்கிப் போடவும் வேண்டாம். அதற்குள் குளவியும் இருக்கக்கூடும். கன்றுக்கும் தொட்டிச் செடிக்கும்தான் வளர்ச்சி தடைப்படும். இன்னொரு கெடுதல், சுரங்கம் கிழித்த புண் வழியாகச் சொறிநோய்க் கிருமி புகுவது. இலையிலும் காயிலும் தக்கை போலத் தடித்து, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு புள்ளி விழுமே, அதுதான். லீமாவ் நீப்பிஸ் என்னும் நம் சிறு எலுமிச்சைக்கு இந்த நோய் எளிதில் வரும்; லீமாவ் கஸ்தூரி நன்றாகத் தாக்குப்பிடிக்கும். புளோரிடாவில் 1995-இல் மயாமி அருகே இந்நோய் மீண்டும் தோன்றியபோது புழுப் புண்களால் அது மேலும் பெருகியது. வீட்டுக் கொல்லை மரங்களைக் கூட அரசாங்கம் வெட்டித் தள்ளியது. 2006-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் என் சின்னம்மா வீடு ஏழாவது மாடியில். சீனப் புத்தாண்டுக்கு அழகுக்காக வாங்கி, பெருநாள் முடிந்ததும் பக்கத்து வீட்டார் வெளியே வைத்துவிட்ட கஸ்தூரித் தொட்டி ஒன்றை எடுத்து வந்து வளர்க்கிறார். அதிலும் இதே கோடு. "ஏழாவது மாடிக்கு எப்படியம்மா ஏறிச்சு?" என்று கேட்டார். செடியோடு வந்திருக்கலாம்; சுங்கை பூலோ பக்கத்து நாற்றங்கால்களில் இந்தச் செடி ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கும், பூச்சிக்கு அது பெரிய பட்டணம். அல்லது காற்று தூக்கி வந்திருக்கலாம். தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். யூரியா அதிகமானால் ஓயாமல் துளிர் விடும், ஓயாமல் விருந்து நடக்கும். அடியிலிருந்து நேராகக் கிளம்பும் வீண் தண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். மிகவும் சின்னக் கன்றாக இருந்தால், கொழுந்து விரியும் அந்தச் சில நாள்களில் மட்டும், வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி மாலையில் தெளிக்கலாம். தாய்ப்பூச்சிக்கு அது பிடிக்காது, முட்டையிடத் தயங்கும். கோடு விழுந்தபின் அதுவும் வீண்.

இந்தச் சின்னப் பூச்சியின் குடும்பத்தை மட்டும் ஏளனமாக நினைத்துவிட வேண்டாம். கடற்கரைத் தோட்டங்களில் தென்னைக்குக் கீழே கொக்கோ பயிரிட்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கொக்கோக் காயை உடைத்தால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாகக் கிடக்குமே, அந்த வேலையைச் செய்த காய்துளைப்பான், நம் எலுமிச்சைப் பூச்சியின் நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பம். அந்த உறவுக்காரன் இலையை விட்டுக் காய்க்குள் புகக் கற்றுக்கொண்டவன். சபாவில் 1980-இல் கண்டார்கள். தீபகற்பத்தில், மலாக்காவில், 1986-இல். நம் நாட்டின் கொக்கோ விளைச்சல் 1990-இல் 2,47,000 டன்னாக உச்சத்தில் இருந்தது. 2021-இல் ஆயிரம் டன்னுக்கும் குறைவு. விலை வீழ்ச்சியும் செம்பனையின் இலாபமும் பெரிய காரணங்கள்தாம், எல்லாப் பழியையும் பூச்சி மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் கடுகளவு தாய் இட்ட முட்டைக்கும் பங்கு உண்டு. அங்கேயும் ஓரளவு கைகொடுத்தது என்ன தெரியுமா? வாரம் தவறாமல் காய் பறித்து ஓட்டைப் புதைப்பது, காய்க்குப் பை மாட்டுவது, கறுப்பு எறும்பை வளர்ப்பது. பூச்சியின் நாள் கணக்கைத் தெரிந்துகொண்டு செய்த வேலைகள் அவை.

மருந்து தெளிக்கும் அந்தத் தந்தையிடம் இவ்வளவும் பேசவில்லை. அவர் மனைவியும் முன்பு தெளிப்பு வேலைக்குப் போனவர். நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். 2002-இல் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்து தெளிக்கும் பெண்கள் படும் பாட்டை அறிக்கையாக வெளியிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு அதே ஆண்டு தடை வந்து, 2006-இல் தளர்ந்து, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. தோட்டத்தில் வேறு வழியின்றித் தோளில் சுமந்த விஷத்தை வீட்டுக் குசினிக்கும் கொண்டு வர வேண்டுமா? இதை மட்டுமே கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. போத்தலை எடுத்துச் சுருட்டிய பையில் வைத்து, மறுநாள் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "லோங்காங்ல ஊத்திடாதீங்க அண்ணே" என்று நான் சொன்னதற்கு, "அது எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

சிறுமிக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். உங்கள் பிள்ளைகளும் செய்யலாம். காலி ஜாம் போத்தல் ஒன்று. ஓரம் மடிந்து, கூடு இன்னும் திறக்காமல் இருக்கும் இலைகளைக் காம்போடு பறித்து, காம்பில் ஈரப் பஞ்சைச் சுற்றி உள்ளே வையுங்கள். வாயைக் கைக்குட்டையால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். கொசுவலைத் துணி ஆகாது, குளவி தப்பிவிடும். வெயில் படாத இடத்தில் வைத்து, காலையில் எழுந்ததும் பாருங்கள். ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள்.

அவள் பதினான்கு மடிப்புகள் வைத்தாள். வெள்ளிப் பூச்சி ஐந்து வந்தது. ஆறு மடிப்புகளிலிருந்து பூச்சிக்குப் பதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாகக் குளவிகள் வந்தன. மூன்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். போத்தலை வாசலுக்கு எடுத்துப் போய்க் குளவிகளைத் திறந்து விடும்போது அவள் தந்தையும் நின்று பார்த்தாராம். "இதான் அந்தக் காவல்காரனா? இது புழுவ எங்க புடிக்கும்!" என்று சிரித்தாராம்.

அப்பாயி இன்னமும் வெள்ளிக்கிழமை தோறும் மரத்துக்கு மிளகாய் சுற்றுகிறார். இலையில் இன்னமும் கோடுகள் இருக்கின்றன. சென்ற மாதம் அந்த மரத்து எலுமிச்சை ஒரு பை நிறைய எனக்கு வந்து சேர்ந்தது, ஊறுகாய் போட்டிருக்கிறேன்.